நெளிந்த டின்களின் தவக்காலம்

திருநீற்றுப் புதனுக்கு அடுத்த நாள், கொட்டாஞ்சேனையில் செபஸ்தியன் அண்ணனின் வீட்டு முன்னறையில், அன்பியத்துக் குடும்பங்கள் அத்தனையும் பார்த்திருக்க, பற்றிக் தன் மனைவியை வீண்செலவுக்காரி என்று சொன்னான்.

அன்பியம் என்றால் அந்த ஒழுங்கையில் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபம் சொல்கிற குழு. அன்று செபம் முடிந்ததும், தலைவரான செபஸ்தியன் அண்ணன் இந்தத் தவக்காலத்தில் யார் எதை விடப்போகிறீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவர் மீனை விட்டார். ஒருத்தி டெலிடிராமாவை விட்டாள். இன்னொருத்தி மாமியாரோடு சண்டை பிடிப்பதை விடுகிறேன் என்றதும் மாமியார் முதற்கொண்டு சிரித்தார்கள். எல்லாரும் இருந்த இடத்தில் இருந்து சொன்னார்கள். பற்றிக் மட்டும் எழும்பி நின்று, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு சொன்னான்.

"எங்கட வீட்டில ஈஸ்டர் வரைக்கும் கடைக்குப் போறதில்ல. அலுமாரிக்குள்ள இருக்கிற சாமானை வச்சுத்தான் சமையல். மிச்சம் பிடிக்கிறது முழுக்க ஏழைகளுக்கு."

கைதட்டினார்கள். அதோடு அவன் கதிரையில் இருந்திருக்கலாம். கைதட்டல் கேட்டால் அவனுக்குக் கால் மடங்காது.

"என்ன செய்யிறது, எங்கட கொறற்றி கொஞ்சம் வீண்செலவுக்காரி. கண்டது நிண்டது எல்லாம் வாங்கி அடைஞ்சு வச்சிருக்கிறா. அலுமாரியைத் திறந்தா டின் தலையில விழுது. தவக்காலத்திலயாவது ஒரு பாடம் படிக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். பின்வரிசையில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் ரொஷேல், பற்றிக்கின் தங்கை. வெள்ளவத்தையில் கட்டிக்கொடுத்தவள், அண்ணன் வீட்டுக்கு வந்த இடத்தில் கூட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டு வந்தவள். கடைக்குப் போகாமல் அலுமாரியைக் காலிசெய்து குடும்பம் நடத்துகிற யோசனையை அண்ணனின் காதில் போட்டதே அவள்தான். தான் மாதக்கணக்கில் அப்படித்தான் நடத்துகிறாளாம். அதை வெள்ளவத்தையில் கேட்காதவர்கள் செவிடர்கள் மட்டும்.

மரியகொறற்றியும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். உள்ளுக்குள் அவளுக்கு அடி வயிற்றில் இருந்து எரிந்துகொண்டு வந்தது. அந்த முன்னறையில் இருந்த பெண்கள் அவளிடம்தான் மீன் எங்கே மலிவு, எந்தக் கடையில் பருப்பில் கல் இல்லை என்று கேட்பார்கள். இனிக் கேட்கமாட்டார்கள். வீண்செலவுக்காரி என்ற பெயர் ஈஸ்டருக்குள் கொச்சிக்கடை வரைக்கும் போய்விடும். ரொஷேலின் கைத்தொலைபேசி அதைக் கனடாவில் இருக்கிற சொந்தக்காரருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்தச் சொல்லை இதே வாய், இதே ஆட்களுக்கு முன்னால் திருப்பி எடுக்கவேண்டும் என்று கொறற்றி அந்தக் கதிரையிலேயே முடிவெடுத்தாள். வேறு ஒன்றும் அவளுக்கு வேண்டாம்.

அடுத்த நாள் காலை, மகள் ஜெனிற்றா பள்ளிக்கும் பற்றிக் வேலைக்கும் போனபிறகு, அலுமாரியை முழுக்க இறக்கி மேசையில் இரண்டு குவியலாகப் பிரித்தாள். ஒன்று அவள் வாங்கியது: அரிசி, பருப்பு, பயறு, உளுத்தம்மா, கடுகு, வெங்காயம், உள்ளி, செத்தல் மிளகாய், கொத்தமல்லி, கொஞ்சம் கருவாடு, ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய். ஒரு கையால் அணைத்துத் தூக்கலாம். மற்றது பற்றிக் கொண்டுவந்தது. அது ஜன்னலை மறைத்தது.

பற்றிக் துறைமுகத்தில் சாமான் கிளியர் பண்ணிக் கொடுக்கிற ஒரு கம்பனியில் கிளார்க். கொள்கலனுக்குள் பெட்டி நசிந்தால், நெளிந்த டின்னை இறக்குமதிக்காரர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். மலிவு என்று யாராவது சொன்னால் அவனுக்குக் கை சும்மா இராது. ஒலிவ் காய், வினாகிரியில் போட்ட பீற்றூட், காளான், கொண்டைக்கடலை, தேங்காய்ப்பால், ஓட்ஸ், பெயர் தெரியாத நாட்டு மீன், சிங்கப்பூர் பக்கத்துச் சூப். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வேட்டைக்குப் போய் வந்தவன்போல வாசலில் நின்று, "கொறற்றி, பாரும் என்ன கொண்டுவந்திருக்கிறன் எண்டு," என்பான். பிறகு அந்த டின்னைத் திரும்பிப் பார்க்கமாட்டான். அவனுக்குச் சோறும் மீன் குழம்பும்தான் இறங்கும்.

இதை அவள் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் சிரித்துச் சமாளித்திருப்பான். அவள் புருசனோடு சபையில் மல்லுக்கு நின்றவள் ஆகியிருப்பாள். கல்யாணம் கட்டிய காலத்தில் இருந்து பார்த்த கூத்து இது.

ஆகவே அவள் சொல் கேட்கிற பெண்சாதியாக மாறினாள். கடைக்குப் போகவில்லை. தன் பங்கு அரிசியும் பருப்பும் பயறும் மகளுக்கும் தனக்கும் பகல் சாப்பாட்டுக்கு. இராச் சாப்பாட்டுக்கு மூன்று பேருக்கும் பற்றிக்கின் டின்.

முதல் வாரம் அவளால் கெடுத்துச் சமைக்க முடியவில்லை. கை கேட்கவில்லை. கொண்டைக்கடலையைச் செத்தல் மிளகாயும் கடுகும் போட்டுத் தாளித்தாள். டின் மீனை உதிர்த்து வெங்காயமும் தேசிக்காய் ஊறுகாயும் சேர்த்துச் சம்பல் செய்தாள். ஓட்ஸை வறுத்து இடித்து, உளுத்தம்மாவோடு குழைத்து றொட்டி தட்டினாள். பற்றிக் விரலை நக்கிக்கொண்டு சாப்பிட்டான். ஒரு சதம் கடைக்குப் போகவில்லை என்பதில் அவளுக்கே உள்ளூர ஒரு சந்தோஷம். இப்படியும் ஒரு வீட்டை ஓட்டலாம் போலிருக்கிறதே என்று நினைத்தாள். அவன் நாக்குச் சும்மா கிடந்திருந்தால் கோபம் அங்கேயே ஆறியும் போயிருக்கும்.

அடுத்த கூட்டத்தில் அவன் மறுபடி எழும்பி நின்றான். "பாத்தீங்களா, நான் சொல்லிக் குடுத்த பிறகு எப்பிடிச் சமைக்கிறா எண்டு! ஆம்பிள பொறுப்பெடுத்தாத்தான் குசினி உருப்படும்."

அந்த வாரத்தோடு தாளிப்பு நின்றது.

பிறகு டின்னில் இருந்தது டின்னில் இருந்த மாதிரியே தட்டுக்கு வந்தது. ஒரு நாள் ஒலிவ் காய்ப் பால்கறி. ஒரு நாள் காளான் சொதி. ஒரு நாள் பிட்டுக்குப் பீற்றூட்டை வினாகிரியோடு அப்படியே ஊற்றினாள். பிட்டு சிவந்து, குழைந்து, புளித்து, பார்க்கவே பாவமாக இருந்தது. ஜெனிற்றாவுக்கு அம்மாவின் முகத்தைப் படிக்கத் தெரியும். நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு, பகல் சாப்பிட்டதே போதும் என்று சொல்லி அறைக்குள் போய்விடுவாள். பற்றிக்கால் போக முடியாது. விரதம் எடுத்தவன் அவன். கொறற்றி பக்கத்தில் நின்று பரிமாறுவாள்.

"இன்னும் கொஞ்சம் போடவா?"

"காணும் காணும்."

"சாப்பிடுங்க. தவக்காலம் எல்லோ."

அவன் ஒவ்வொரு வாயையும் தண்ணீர் குடித்து இறக்குவதைப் பார்க்க அவளுக்குத் தேன் குடித்ததுபோல இருந்தது. அதை ஏன் மறைக்கவேண்டும்? நன்றாகவே இருந்தது.

மூன்றாம் வாரம் தொடங்கும்போது பற்றிக்கின் பசி அற்றுப்போனது. பின்னேரம் வந்தால், "ஒபீஸில டீ குடிச்சனான், வயிறு நிறைஞ்சு கிடக்கு," என்பான். மறுநாள், "இண்டைக்கு ஒருசந்தி பிடிக்கிறன்," என்பான். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு இருக்கிற விரதம். ஒருசந்தி பிடிக்கிறவனின் கன்னம் ஒட்டவில்லை. வயிறு பெல்ட்டுக்கு மேலால் எட்டிப் பார்த்தது. கூட்டத்தில் செபஸ்தியன் அண்ணன், "பற்றிக்கைப் பாருங்க, மெலிஞ்சு போனான்," என்றார். அவருக்குக் கண்ணும் மங்கல், முழங்காலும் இயலாது. ஈஸ்டருக்குப் பிறகு தலைமையை வேறு ஒருவருக்குக் கொடுக்கப்போகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். பற்றிக்கின் நாக்கு அதற்கு ஊறிக்கொண்டிருந்தது. ஏழைகளுக்கும் தவத்துக்கும் இவ்வளவு சத்தம் போட்டதன் சங்கதி அதுதான்.

இவன் எங்கே தின்கிறான் என்று கொறற்றிக்குப் பிடிபடவில்லை. அந்த வருஷம் தவக்காலமும் முஸ்லிம்களின் நோன்பும் ஒன்றாக வந்திருந்தன. அவன் வழக்கமாகக் கொத்து றொட்டி தின்கிற கிராண்ட்பாஸ் கடைகள் எல்லாம் பகலில் பூட்டு. அந்தக் கேள்விக்குப் பதில் தானாகவே வீடு தேடி வந்தது.

நோன்பின் கடைசி வாரத்து வியாழக்கிழமை பின்னேரம் கதவைத் தட்டிக்கொண்டு நின்றவள் பஸீஹா. பற்றிக்கின் கம்பனிச் சாமானை ஏற்றி இறக்குகிற லொறிக்காரர் நிலாமின் மனைவி, கிராண்ட்பாஸில் வீடு. கையில் ஒரு பை தோடம்பழம். கொறற்றி வெளக்குமாறும் கையுமாகக் கதவைத் திறந்ததும் பஸீஹா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா! நீங்க எழும்பி நடக்கிறீங்களா? படுத்த படுக்கை எண்டெல்லா பற்றிக் சொன்னாரு!"

கொறற்றி அவளை உள்ளே கூட்டிக்கொண்டு வந்து இருத்தினாள். பழக்க தோஷத்தில் கேத்தலை அடுப்பில் வைத்து, பிறகு நோன்பு ஞாபகம் வந்து அணைத்தாள்.

"நோயாளியப் போய்ப் பாக்கிறது எங்களுக்குக் கடமை அக்கா," என்றாள் பஸீஹா. "நோன்பு நாள்ல பாக்காம ஈந்தா இன்னும் பாவம். நிலாம் இன்டைக்குப் போவம் நாளைக்குப் போவம் எண்டு லொறியோட அலையிறாரு. அதான் நானே வந்தன்."

பற்றிக் விட்ட பிழை இதுதான். வயிற்று வலி என்றிருக்கலாம், வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்றிருக்கலாம். நோன்புக் காலத்தில் ஒரு முஸ்லிம் வீட்டில் போய், என் மனைவி நோயாளி என்று சொல்லிவிட்டு, அவர்கள் பார்க்க வரமாட்டார்கள் என்று நினைத்தான். இத்தனை வருஷம் நிலாமோடு பழகிய மனிசன்!

மிச்சத்தைப் பஸீஹா தன் பாட்டில் சொன்னாள். "பாவம் அக்கா அவரு. வீட்டில அடுப்பு மூட்ட ஆளில்ல எண்டு சொன்னாரு, எனக்கு அழுக வந்திட்டு. ஒவ்வொரு நாளும் நோன்பு தொறக்க எங்களோட வந்து இருக்கச் சொன்னன். வாறாரு. பேரீச்சம்பழம், கட்லட், ரெண்டு கோப்பை கஞ்சி. நல்லாச் சாப்பிடுவாரு."

"வெள்ளிக்கிழமையும் வந்தவரா?"

"வெள்ளிக்கிழமை வராம? அன்டைக்குத்தானே எறச்சி கூடப் போட்டுக் காச்சிற. எலும்புத் துண்டு எண்டா அவருக்கு உசிரு."

வெள்ளிக்கிழமை. தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கொட்டாஞ்சேனையில் இறைச்சியைத் தொடாமல், கருவாட்டுத் துண்டைக்கூட யோசித்துத் தொடுகிற நாள். அவன் சிலுவைப்பாதைக்கு முன்னால் மாட்டு எலும்பை உறிஞ்சிவிட்டு வந்து முழந்தாளில் நின்றிருக்கிறான். அதைக்கூட அவள் கடவுளுக்கும் அவனுக்கும் இடையிலான கணக்கு என்று விட்டிருப்பாள். தன்னைப் படுக்கையில் கிடத்தி, ஒரு கோப்பை கஞ்சிக்கு விற்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சபைக்கு முன்னால் வீண்செலவுக்காரி. நிலாம் வீட்டில் படுத்த படுக்கை. எங்கே போனாலும் அவன் நல்லவன், அவள் ஒரு குறை.

ஆனாலும் நோன்பு வைத்து, வெயிலில் பழம் சுமந்து வந்த பெண்ணின் மனதை நோகடிக்க அவளுக்கு விருப்பமில்லை. "தலைச்சுத்துத்தான். இப்ப சுகம். நீங்க துஆ கேட்டதாலதான் போல," என்றாள். பிறகு கதையோடு கதையாகச் சொன்னாள்: "நாளைக்கு எங்கட வீட்டில சிலுவைப்பாதை. முடிய எல்லாருக்கும் கஞ்சி குடுக்கிறனாங்கள், அது எங்கட வழக்கம். நிலாம் நானாவை உங்கட கஞ்சியோட ஒருக்கா அனுப்பிவிடுங்க. நான் எங்கட கஞ்சி தந்துவிடுறன். மாத்திக் குடிப்பம்."

பஸீஹாவுக்கு முகம் மலர்ந்தது. "நோன்பு தொறந்து மஃரிப் தொழுதிட்டு அவரையே அனுப்பிறன். எறச்சி போடாமக் காச்சவா? ஒங்களுக்கு வெள்ளிக்கிழமை ஏலாதே."

"இல்ல இல்ல. அவருக்குப் பிடிச்ச மாதிரியே காச்சி அனுப்புங்க."

வெள்ளிக்கிழமை காலை பற்றிக் லீவு போட்டுவிட்டு, அயல் வீடுகளில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் கதிரைகளை முன்னறையில் அடுக்கிக்கொண்டிருந்தான். வாய்க்குள் பாட்டு வேறு. கொறற்றி கஞ்சிக்குப் பயறு கழுவிக்கொண்டே, "பஸீஹா வந்தவ," என்றாள்.

கையில் இருந்த கதிரை காலில் விழுந்தது. "எந்தப் பஸீஹா?"

"நீங்க ஒவ்வொரு நாளும் நோன்பு துறக்கிற வீட்டுப் பஸீஹா. நான் படுத்த படுக்கையாக் கிடக்கிறன் எண்டு பாக்க வந்தவ."

"நீர் என்ன சொன்னனீர்?"

அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. மன்னிப்பு இரண்டாவதாகவும் வரவில்லை. இரண்டாவதாக வந்தது, "ஆருக்கும் சொல்லிப்போடாதீர் கொறற்றி. வெள்ளிக்கிழமையில இறைச்சி எண்டு தெரிஞ்சா செபஸ்தியன் அண்ணன் என்னை வாசல் படியிலும் ஏத்த மாட்டார்," என்பது.

"சொல்லேல்ல. சொல்லவும் மாட்டன். ஆனா இண்டைக்குக் கஞ்சிக்கு முதல் எழும்பி நிண்டு நீங்க சொல்லவேணும். அண்டைக்குச் சொன்னது பொய், அந்த டின் எல்லாம் நான் கொண்டுவந்தது, கொறற்றி வீண்செலவுக்காரி இல்ல. இவ்வளவும்தான்."

"இவ்வளவும்தானே? சொல்லுறன்."

"அந்தோனியார் மேல சத்தியம்?"

சுவரில் இருந்த அந்தோனியார் படத்தைத் தொட்டு அவன் சத்தியம் பண்ணினான். கொட்டாஞ்சேனைக்காரர்கள் எதை எதையோ செய்வார்கள், கொச்சிக்கடை அந்தோனியாரை ஏமாற்ற மட்டும் பயப்படுவார்கள். கொறற்றி நம்பினாள். நிலாம் வருவதை அவனுக்குச் சொல்லவில்லை. ஆனால் அவன் வாக்குக் காப்பாற்றினால், நிலாமை வெளிக் கேற்றிலேயே சந்தித்து, கஞ்சியை வாங்கிக் குசினிப் பக்கத்தால் கொண்டுபோய்விடுவது என்று உண்மையாகவே நினைத்திருந்தாள். அவ்வளவு நியாயம் அவளிடம் இருந்தது.

பின்னேரம் எல்லாரும் வந்தார்கள். வெள்ளவத்தையில் இருந்து ரொஷேலும் பஸ் பிடித்து வந்தாள். வந்ததும் நேரே குசினிக்குள் போய் அலுமாரியைத் திறந்து பார்த்தாள்.

"இப்பதான் அண்ணி அலுமாரி மூச்சு விடுது. அண்ணா பிடிச்சு நிப்பாட்டியிருக்காட்டி நீங்க இன்னும் வாங்கி நிரப்பியிருப்பீங்க."

"ஓம் ரொஷேல். உங்கட அண்ணா நல்லாத்தான் பிடிச்சு நிப்பாட்டினவர்," என்று கொறற்றி கஞ்சியைக் கிளறினாள். நல்ல கஞ்சி. குறுணல் அரிசியும் பயறும் உள்ளியும் போட்டு, கடைசி டின் கொண்டைக்கடலையை மசித்துச் சேர்த்து, கட்டிப் பால் விட்டு இறக்கியிருந்தாள். சபைக்குக் கொடுக்கிற சாப்பாட்டில் அவள் கோபத்தைக் காட்டவில்லை.

சிலுவைப்பாதைச் செபத்தின் கடைசியான பதினான்காம் நிலை முடிந்து எல்லாரும் முழந்தாளைத் தடவிக்கொண்டு கதிரைகளில் இருந்தார்கள். பற்றிக் எழும்பினான். கொறற்றி அகப்பையும் கையுமாகக் குசினி வாசலில் வந்து நின்றாள். இந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் எத்தனை ஒலிவ் காயை விழுங்கியிருப்பாள்!

"சகோதரர்களே," என்று தொடங்கினான் பற்றிக், குரலை ஒரு படி இறக்கி. "அண்டைக்கு நான் என்ர மனிசியைப் பற்றி ஒரு சொல்லுச் சொன்னனான். அது பிழை. ஒரு புருசன் மனிசியின்ட குறையைச் சபையில சொல்லக்கூடாது. மூடிக் காப்பாத்தவேணும். அவ செய்ததை நான் செய்ததா ஏத்துக்கொண்டு, அந்தப் பழியை நான் சுமந்திருக்கவேணும். இண்டையில இருந்து சுமக்கிறன். இனி ஆரும் கேட்டா, அந்த டின் எல்லாம் பற்றிக் வாங்கினது எண்டே சொல்லுங்க. கொறற்றி வீண்செலவுக்காரி இல்ல. நான்தான்."

அறை உருகியது. ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். "என்ன தாழ்மை பாருங்க," என்று யாரோ சொன்னார்கள். செபஸ்தியன் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ரொஷேல், "எங்கட அண்ணா சின்ன வயசிலயே இப்பிடித்தான்," என்றாள். எல்லாரும் கொறற்றியைப் பார்த்தார்கள். இப்படி ஒரு புருசன் கிடைக்க நீ என்ன புண்ணியம் செய்தாய் என்ற பார்வை.

ஒரு சொல் பிசகவில்லை. அவள் கேட்ட எல்லாவற்றையும் சொன்னான், ஒருவரும் நம்பாத மாதிரிச் சொன்னான். சத்தியமும் தப்பியது, தலைமையும் கிட்ட வந்தது. திரும்பிக் கதிரையில் போய் இருக்கும்போது கொறற்றியைப் பார்த்துக் கொடுப்புக்குள் ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவளுக்கு மிச்சம் இருந்த இரக்கமும் எரிந்துபோனது.

வெளியே ஓட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது.

கொறற்றி அகப்பையை வைத்தாள். பின்பக்கத்தால் போகவில்லை. கதிரைகளுக்கு நடுவால் நடந்துபோய் முன் கதவின் இரண்டு சிறகையும் விரியத் திறந்தாள்.

"வாங்க நானா. உள்ளுக்கு வாங்க. எல்லாரும் இருக்கினம்."

நிலாம் தலையில் தொப்பியும் கையில் துவாய் சுற்றிய பெரிய சட்டியுமாக உள்ளே வந்தார். நல்ல மனிசன், குரல் மட்டும் லொறியின் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல். எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு, பற்றிக்கைக் கண்டதும் முகம் முழுக்கச் சிரித்தார்.

"என்ன பற்றிக், இன்டைக்கு நோன்பு தொறக்க ஆளைக் காணல்ல! எலும்புத் துண்டெல்லாம் ஒங்களுக்கெண்டு எடுத்து வச்சிட்டுப் பாத்தன். வெள்ளிக்கிழமை ஒரு நாளும் தவறாத மனுசன், என்ன ஆச்சோ எண்டு பஸீஹா பயந்திட்டா. இந்தா, எறச்சி அள்ளிப் போட்டீக்கி."

பற்றிக் வேண்டாம் என்று கண்ணால் சாடை காட்டினான்.

நிலாம் செபஸ்தியன் அண்ணனின் பக்கம் திரும்பினார். "அண்ணன், இந்தத் தங்கச்சி எழும்ப ஏலாமக் கெடந்த நாளெல்லாம் இவரு எங்கட வீட்டிலதான். மனுசன் எவ்வளவு கவலப்பட்டாரு தெரியுமா? இப்ப சுகமாயிட்டா, அல்ஹம்துலில்லாஹ்." பிறகு ஞாபகம் வந்ததுபோலத் திரும்பிச் சொன்னார். "ஆ, பற்றிக், ஒங்கட டின் பெட்டி எங்கட ஸ்டோர்ல கூடிட்டே போகுது. போன கெழமையும் நாலு பெட்டி எடுத்துப் போட்டிருக்கிறீங்க. ஈஸ்டர் முடிய வீட்டுக்குக் கொண்டுபோறன் எண்டீங்க, அது வரைக்கும் எடம் காணாது எனக்கு. வேறெங்கயாவது பாருங்க."

இந்தப் பெட்டிகளின் கதை கொறற்றிக்கே தெரியாது. ஒரு கணம் அவளும் திகைத்துப் போய் நின்றாள். தவக்காலம் முழுக்க அவள் டின் டின்னாக இறக்கிக் காலிசெய்ய, அவன் அங்கே பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

நிலாம் எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் ஏதும் பிழையாக் கதச்சிட்டனா தங்கச்சி?"

"இல்ல நானா. நீங்க ஒரு பிழையும் கதைக்கேல்ல," என்று கொறற்றி சட்டியை இரண்டு கையாலும் வாங்கினாள். தன் கஞ்சியை இன்னொரு சட்டியில் நிறைய ஊற்றி, மூடி கட்டிக் கொடுத்து, பஸீஹாவுக்குச் சுகம் சொல்லி, ஓட்டோ வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். அவசரப்படவில்லை. இறைச்சி வாசம் துவாயைத் தாண்டி முன்னறை முழுக்கப் பரவியிருந்தது.

செபஸ்தியன் அண்ணன்தான் கேட்டார். "பற்றிக். அந்த டின் எல்லாம் ஆர் வாங்கினது?"

பற்றிக் கொறற்றியைப் பார்த்தான். காப்பாற்று என்று கெஞ்சிய பார்வை. ஒரு சொல் போதும். நிலாம் நானா வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறார் என்று சொன்னால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். பாவம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றவும் செய்தது. அவள் அசையவில்லை.

"நான்தான்," என்றான் பற்றிக் நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"இப்ப சுமக்கிறியா, இல்ல மெய்யாவே நீதானா?"

"மெய்யா நான்தான் அண்ணன். எல்லாம் நான் கொண்டுவந்து போட்டது. அவ ஒண்டும் வாங்கேல்ல."

"அப்ப கொறற்றி?"

"அவ வீண்செலவுக்காரி இல்ல," என்று முணுமுணுத்தான்.

கொறற்றிக்கு உச்சி குளிர்ந்தது. இத்தனை நாளும் வயிற்றில் கிடந்த நெருப்பு ஒரே மூச்சில் அணைந்ததுபோல இருந்தது. வெட்கமோ இரக்கமோ ஒன்றும் வரவில்லை. வந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பின்வரிசையில் ரொஷேல் கைத்தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, சுவரில் இல்லாத எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வாய்க்குள்ள சொன்னது பின்னால இருக்கிற தங்கச்சிக்குக் கேட்டிராது," என்றாள் கொறற்றி, பரிமாறுகிற குரலில். "அண்டைக்கு மாதிரி எழும்பி நிண்டு, இன்னொருக்காச் சொல்லுங்க."

பற்றிக் எழும்பி நின்றான். சொன்னான்.